பழம் மட்டும் தின்ற குண்டுக்கரிச்சான்

காட்டுக்குள் ஒரு குளம். குளக்கரையில் ஒரு மருத மரம். அதன் உச்சிக் கிளையில் முத்தன் என்னும் குண்டுக்கரிச்சான் தினமும் விடிந்ததும் பாடும். கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, நிமிர்ந்த வால். உடம்பு ஒரு கைப்பிடிதான். ஆனால் அப்படி ஒரு குரல் அந்தக் காட்டில் வேறு எந்தப் பறவைக்கும் இல்லை.

தண்ணீர் குடிக்க வந்த மான்கள் முதலில் சற்று நின்று கேட்டன. பிறகு தண்ணீர் குடித்த பின்னும் போகாமல் நின்றன. பிறகு தாகம் இல்லாத நாளிலும் வந்தன. முயல்கள் வந்தன. மாடப்புறாக்கள் வந்தன. ஒரு கிழட்டுக் காட்டெருதுகூட வந்தது.

இதை ஓர் உண்ணிக்கொக்கு கவனித்தது. விலங்குகள் புல்லில் நடந்தால் வெட்டுக்கிளிகள் பயந்து குதிக்கும். அப்படிக் குதிப்பவற்றைக் கொத்தித் தின்பதுதான் அந்தக் கொக்கின் பிழைப்பு. நாலு மான் வந்தால் நாலு வாய் கிடைக்கும். நாற்பது மான் வந்தால் வயிறு நிறையும். கூட்டம் பெருகினால் தனக்கு நல்லது என்று கொக்குக்கு உடனே விளங்கியது.

ஒருநாள் பாட்டு முடிந்ததும் கொக்கு மரத்தடிக்கு வந்தது.

“தம்பி, நீ பாடுறதுல ஒரு குறையும் இல்ல. ஆனா இப்ப எங்க கிளம்புற?”

“பசிக்குது அண்ணே. அந்தச் சருகுக்கு அடியில மண்புழு இருக்கும்.”

“மான்கள் நிக்குது. அதுங்க முன்னாடி புழுவை இழுத்து இழுத்தா திம்பே?”

“இழுத்தாத்தானே அண்ணே வரும்?”

கொக்கு சிரிக்கவில்லை. “போன வருஷம் இதே மரத்துல ஓர் இரட்டைவால் குருவி பாடுச்சு. பாட்டு நடுவுல ஒரு தட்டானைப் பிடிச்சு முழுங்கிடுச்சு. மான் அத்தனையும் எழுந்து போயிடுச்சு. ‘கொலைகாரப் பய பாட்டை எங்க பிள்ளைங்க கேக்கணுமா’ன்னு கேட்டுச்சுங்க. அந்தக் குருவி இப்ப எங்க பாடுதுன்னு தெரியுமா?”

“தெரியாது.”

“யாருக்கும் தெரியாது.”

முத்தன் யோசித்தது. “போனாப் போகட்டும் அண்ணே. யாரும் வராதப்பவும் நான் பாடிட்டுத்தானே இருந்தேன்?”

“உன் கூட்டுக்கு போன வருஷம் என்ன ஆச்சு?” என்று கொக்கு கேட்டது.

போன வருஷம் கூட்டில் இருந்த நாலு குஞ்சுகளையும் காட்டுப்பூனை தின்றுவிட்டது. இந்த வருஷம் மருத மரத்துக்குப் பின்னால், சூரைப் புதருக்கு அந்தப் பக்கம், ஒரு நாவல் மரத்தின் பொந்தில் மூன்று முட்டைகள் இருந்தன. முத்தனின் மனைவி சாம்பி அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தது.

“காலையில இருந்து இங்க நாற்பது மான் நின்னா எந்தப் பூனை கிட்ட வரும்?” என்றது கொக்கு. “கூட்டம்தான் உனக்குக் காவல். கூட்டம் நிக்கணும்னா நான் சொல்றதைக் கேளு.”

கொக்கு சொன்னது இதுதான். எல்லோர் கண்முன்னாலும் முத்தன் ஆலம்பழம் மட்டுமே தின்ன வேண்டும். புழு, பூச்சி என்ற பேச்சே கூடாது. பாட்டுக் குரலைத் தவிர வேறு குரலில் கத்தக் கூடாது.

“அப்புறம், உனக்குக் குடும்பம் கிடையாது,” என்றது கொக்கு.

“அண்ணே!”

“குஞ்சு வளர்றது பூச்சியிலதான்னு எல்லாருக்கும் தெரியும். குடும்பம் இருக்குன்னா பூச்சியும் இருக்குன்னு ஆயிடும்.”

“சாம்பிகிட்ட என்ன சொல்றது?”

“அவகிட்ட உண்மையைச் சொல்லு. கூட்டத்துகிட்டதான் சொல்லாதே.”

முத்தன் சாம்பியிடம் சொன்னது. சாம்பி முட்டையை ஒரு முறை புரட்டி வைத்துவிட்டுக் கேட்டது.

“அப்ப நான் யாரு? இந்தப் பொந்துல குடக்கூலிக்கு இருக்கேனா?”

“பூனை வராது சாம்பி.”

சாம்பி மறுபடி முட்டைகளின் மேல் உட்கார்ந்தது. போன வருஷம் அதற்கும் நினைவிருந்தது.

மறுநாள் முதல் முத்தன் பாட்டுக்கு முன் ஒன்று, பாட்டுக்குப் பின் ஒன்று என ஆலம்பழம் தின்றது. கொக்கு கூட்டத்துக்குள் நடந்து, “பழம்தான். வேற ஒண்ணும் தொடாது. தனிக்கட்டை. பாட்டே வாழ்க்கை,” என்று சொல்லிக்கொண்டே வெட்டுக்கிளிகளைக் கொத்தியது. அது உடம்பெல்லாம் வெள்ளையாக இருந்ததால் யாரும் அது என்ன தின்கிறது என்று பார்க்கவில்லை.

மான்களின் தலைவியான பெரிய பெண்மான் தன் குட்டியிடம் சொன்னது: “பாரு, எவ்வளவு சுத்தமான பறவை. நீயும் இருக்கியே.” அது உதிர்ந்து கிடந்த ஒரு கொம்பைக் கடித்துக்கொண்டே இதைச் சொன்னது. மான்கள் கொம்பும் கடிக்கும், எலும்பும் கடிக்கும். அதை யாரும் தீனி என்று எண்ணுவதில்லை.

முத்தனின் பெயர் பரவியது. மலைக்கு அந்தப் பக்கத்து மான்களும் வந்தன. காட்டுப்பூனை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. கொக்கு சொன்னது சரிதான் என்று முத்தன் நினைத்தது.

மூன்று முட்டைகளும் பொரிந்தன. குஞ்சுகள் விடிந்தது முதல் வாயைத் திறந்தபடியே இருந்தன. கூட்டமோ இப்போது நண்பகல்வரை கலைவதில்லை. முத்தன் மரத்தை விட்டு இறங்கினாலே நாலு முயல்கள் பின்னால் வரும். அதனால் சாம்பி ஒற்றையாளாகப் பூச்சி தேடியது. கூட்டம் போன பிறகு முத்தன் குளத்தைச் சுற்றிப் பறந்து, யாரும் இல்லாத இடத்தில் ஒரு புழுவைப் பிடித்து, வேறு வழியாகக் கூட்டுக்கு வரும். பாதி நாள் அதுவும் முடியாது. ஆலம்பழம் அதன் வயிற்றுக்கும் போதவில்லை.

“இளைச்சுட்டேன் அண்ணே,” என்றது முத்தன்.

“நல்லதுதான். சாமியார் மாதிரி இருக்கே.”

“குரலும் நடுங்குது.”

“உருக்கம் கூடியிருக்குன்னு பேசிக்கிறாங்க.”

குஞ்சுகளுக்குப் பத்து நாள் ஆகியிருந்தது. அன்று காலை முத்தன் பாட்டின் நடுவில் இருந்தபோது சாம்பியின் குரல் கேட்டது. படபடத்த குரல். முத்தன் திரும்பிப் பார்த்தது. நாவல் மரத்தில் ஒரு சாரைப்பாம்பு ஏறிக்கொண்டிருந்தது. நாற்பது மான் நின்றால் பூனை வராது. பாம்புக்கு அந்தக் கணக்கு கிடையாது.

இதற்கு அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆண் கரிச்சான் கரகரவென்று கத்தினால், எங்கே மேய்ந்துகொண்டிருந்தாலும் தவிட்டுக்குருவிகள் கும்பலாக வந்துவிடும். எல்லாம் சேர்ந்து பாம்பைச் சூழ்ந்துகொண்டு, கத்தியும் கொத்தியும் மரத்தை விட்டு இறக்கிவிடும். பெண் கரிச்சானின் குரல் அவ்வளவு தூரம் எட்டாது. ஆண்தான் கத்த வேண்டும். அந்தக் குரல் கேட்கச் சகிக்காது. ஆனால் வேலை நடக்கும்.

முத்தன் கத்துவதற்கு வாயைத் திறந்தது.

“தம்பி,” என்றது கீழே நின்ற கொக்கு. அதுவும் பாம்பைப் பார்த்துவிட்டது. “இன்னும் ரெண்டே வரி. முடிச்சுட்டுப் பறந்து போ. யாருக்கும் சந்தேகம் வராது.”

நாற்பது மான்கள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. கூட்டம்தான் காவல் என்பது முத்தனின் மனதில் பதிந்திருந்தது. முத்தன் அந்த இரண்டு வரிகளையும் பாடியது. அவை மிக நன்றாக இருந்ததாக மான்கள் பிறகு பேசிக்கொண்டன.

இரண்டாவது வரி முடிந்ததும் முத்தன் பாய்ந்தது. பாயும்போதே கரகரவென்று கத்தியது. தவிட்டுக்குருவிகள் வந்துவிட்டன. முத்தன் பாம்பின் தலையில் கொத்தியது. குருவிகள் வாலில் கொத்தின. பாம்பு பொந்திலிருந்து தலையை எடுத்து, வழுக்கிக்கொண்டு கீழே இறங்கி, புதருக்குள் மறைந்தது. அதன் கழுத்துக்குக் கீழே சற்றுப் புடைத்திருந்தது.

“எத்தனை?” என்று முத்தன் கேட்டது.

“ரெண்டு,” என்றது சாம்பி. “முதல்லயே கத்தியிருந்தா மூணு.”

அதற்குள் கூட்டம் சூரைப் புதரைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டது. பொந்தைப் பார்த்தது. சாம்பியைப் பார்த்தது. வாயைத் திறந்துகொண்டிருந்த இரண்டு குஞ்சுகளையும் பார்த்தது. சாம்பி கொண்டுவந்திருந்த பச்சைப் புழு பொந்தின் விளிம்பில் கிடந்து நெளிந்தது.

கொக்கு முத்தனின் அருகே வந்து மெதுவாகச் சொன்னது: “பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒத்தாசைக்கு வந்தேன்னு சொல்லு. அது உன் கூடு இல்ல. கத்தினது தவிட்டுக்குருவி. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்.”

பெரிய பெண்மான் முன்னால் வந்தது.

“இது யாரோட கூடு?”

“என்னோடது,” என்றது முத்தன். “இவ என் சம்சாரம். இதுங்க என் பிள்ளைங்க. மூணு இருந்துச்சு.”

“அப்படின்னா இந்தப் புழு?”

“பிள்ளைங்களுக்கு. நானும் தின்பேன். முன்னாடியும் தின்னேன், இப்பவும் தின்பேன்.”

மாடப்புறாக்கள் பட்டென்று இறக்கை அடித்தன. ஒரு முயல் தன் குட்டியின் காதை மூடியது. முயல் காதை மூடுவது சுலபமான வேலை இல்லை.

“இத்தனை நாள் எங்களை ஏமாத்தியிருக்கே,” என்றது பெண்மான்.

“பழம் தின்னது ஏமாத்து வேலைதான். ஒத்துக்கிறேன். பாட்டுல ஏமாத்தினேனா, அதைச் சொல்லுங்க.”

பெண்மான் மறுபடி அந்தப் புழுவைப் பார்த்தது. அந்த நேரம் பார்த்துக் காட்டெருது தொண்டையைக் கனைத்தது.

“நான் ஒரு வாய் புல்லைக் கடிச்சா கூடவே நாலு பூச்சி உள்ள போகுது. அதையும் நான் சொல்லணுமா?”

“நீ பாடலையே. சும்மா இரு,” என்றது பெண்மான். பிறகு முத்தனைப் பார்த்தது. “எங்க பிள்ளைங்க உன்னைப் பாத்து வளருதுங்க. நாளைக்குக் காலையில மருத மரத்துல நின்னு, இனிமே புழுவைத் தொட மாட்டேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லு. மன்னிச்சுடுறோம்.”

“நாளைக்குக் காலையில இதுங்களுக்குப் பசிக்குமே,” என்றது முத்தன். கிடந்த புழுவை எடுத்து ஒரு குஞ்சின் வாயில் வைத்தது. அடுத்த குஞ்சு கத்தியது. முத்தன் கீழே இறங்கி, எல்லோர் கண்முன்னாலும் சருகைப் புரட்டியது.

மான்கள் திரும்பிப் போயின. மான்கள் போனதால் முயல்களும் போயின. கொக்கு கடைசியாக நின்றது.

“ஒரே ஒரு பொய். அதைச் சொல்லியிருந்தா எல்லாம் அப்படியே நடந்திருக்கும்.”

“ரெண்டு வரிக்கு ஒரு பிள்ளை போச்சு அண்ணே,” என்றது முத்தன். “இதுக்கு எது போகும்னு பாக்க எனக்குத் தெம்பு இல்ல.”

கொக்கு மான்கள் போன திசையில் நடந்தது.

கூட்டம் போனதும் காட்டுப்பூனை பயம் திரும்பி வந்தது. முத்தன் அதற்குப் பிறகு நீளமாகப் பாடவில்லை. பொந்துக்கு எதிர்க் கிளையில் உட்கார்ந்து பாடியது. சந்தேகம் வந்தால் உடனே கத்தியது. இரண்டு முறை பூனை வந்தது. இரண்டு முறையும் தவிட்டுக்குருவிகள் வந்தன. ஒரு வாரத்தில் குஞ்சுகள் இரண்டும் பொந்தை விட்டுப் பறந்தன.

கொக்கு சும்மா இருக்கவில்லை. குளத்தின் எதிர்க்கரையில் ஓர் ஆலமரம் இருந்தது. அதில் ஒரு குக்குறுவான் இருந்தது. பச்சை நிறம், குண்டு உடம்பு. அது உண்மையிலேயே பழம் தின்னும் பறவை. காலை முதல் மாலைவரை “குட்ரூ, குட்ரூ” என்று ஒரே சத்தம் போடும். அதற்கு வேறு சத்தம் தெரியாது. கொக்கு கூட்டத்தை அங்கே அழைத்துப் போனது.

மான்கள் வரிசையாக நின்று கேட்டன. வெட்டுக்கிளிகள் குதித்தன. ஒரு மான்குட்டி வெகுநேரம் பொறுத்திருந்துவிட்டு மெதுவாகக் கேட்டது.

“அம்மா, இது எப்ப பாட ஆரம்பிக்கும்?”

“பாடிட்டுத்தான் இருக்கு,” என்றது பெரிய பெண்மான். “பேசாம கேளு. ரொம்ப நல்ல பறவை.”

பாட வந்தவனிடம் பாட்டோடு வேஷத்தையும் சேர்த்துக் கேட்கும் கூட்டத்துக்குக் கடைசியில் வேஷம் மட்டுமே மிஞ்சும்.