வாத்தியார் அடைகாத்த நாள்

ஆலங்குளத்துக் கரையில் பறவைக் குஞ்சுகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. சிங்கவேலு என்கிற மைனாதான் வாத்தியார். அங்கே கணக்கும் கிடையாது, பாட்டும் கிடையாது. மூன்றே மூன்று கூவல்கள்தான் பாடம். 'க்ரீச்' என்றால் மேலே வல்லூறு, தரையோடு தரையாகப் படுத்துவிட வேண்டும். 'சக் சக்' என்றால் பாம்பு, கல்மேல் ஏறிவிட வேண்டும். 'ட்ர்ர்ர்' என்றால் காட்டுப்பூனை, முள்புதருக்குள் ஓடிவிட வேண்டும். இதை மாற்றிப் புரிந்துகொண்ட குஞ்சுக்கு மறுநாள் பாடமே தேவைப்படாது!

குளத்துக்கு அந்தப் பக்கம் கல்லும் கட்டாந்தரையுமாக ஒரு கல்லாங்குத்து. புல்விதைகூட விளையாத அந்த இடத்தில், ஒரு காரைமுள் புதருக்குள் கௌதாரி பேச்சியம்மா குடியிருந்தாள். போன அமாவாசையன்று வேடன் வலையில் புருஷன் போய்விட்டான். மிச்சம் இருந்தது மகள் பொட்டுவும் ஐந்து முட்டைகளும்தான். இருட்டோடு பேச்சியம்மா ஓடை தாண்டி இரை தேடப் போவாள். அவள் திரும்பும்வரை முட்டைகளின்மேல் பொட்டு உட்கார்ந்திருக்கும். அம்மா வந்ததும், கிடைத்தால் இரண்டு விதை, இல்லாவிட்டால் அதுவும் இல்லாமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடும்.

ஓடிப்போய்க் கடைசி வரிசையில் உட்காரும். உட்கார்ந்ததும் தலை தொங்கிவிடும். மூன்றாவது முறை தூங்கியபோது வாத்தியாருக்குக் கோபம் வந்துவிட்டது. இது சுத்த மக்கு, நாளை மறுநாள் பறவைத் தலைவர் முன்னால் இதன் பெயரைப் பள்ளியிலிருந்து அடித்துவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பொட்டு வீட்டுக்கு வந்து பேச்சியம்மாவிடம் சொன்னது. வீட்டில் சொல்லிக்கொடுக்கலாம் என்றால் அவளுக்கே பாடம் தெரியாது. அவளும் சின்ன வயதில் தன் அம்மாவின் முட்டைகளைக் காத்துக்கொண்டு கிடந்தவள்தான். கூவல் தெரியாவிட்டால் இந்தப் பிள்ளை அடுத்த மழைக்காலத்தைப் பார்க்காதே! போய் அழுதால் என்ன? அழுதால் வாத்தியார் இரங்குவார். ஆனால் அவர் புத்தி அப்படியேதான் இருக்கும். அவருக்கு வேறு வைத்தியம் வேண்டும்.

அன்று சாயங்காலம் கொட்டு கொட்டென்று மழை. கல்லாங்குத்தில் வேறு எதற்கும் வழியில்லை என்றாலும் புற்றுக்குப் பஞ்சமில்லை. புற்றிலிருந்து ஈசல் பொலபொலவென்று கிளம்பியது. தாயும் மகளும் பொறுக்கிப் பொறுக்கி ஒரு குவியலே சேர்த்துவிட்டார்கள்.

மறுநாள் காலையிலேயே பேச்சியம்மா வாத்தியாரிடம் போனாள். மகள் பெயரை அடிக்கத்தானே போகிறீர்கள், அதை எங்கள் வீட்டுக்கே வந்து அடியுங்கள், தலைவரும் வரட்டும், ஈசல் விருந்து வைக்கிறேன் என்று குழைந்தாள். ஈசல் என்ற சொல்லைக் கேட்டதும் மைனாவின் அலகு தானாகத் திறந்துகொண்டது.

"ஆனால் எங்கள் குலத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது, வாத்தியாரையா. படித்த விருந்தாளி இன்றைக்கு உச்சிவேளையிலிருந்து அலகில் எதையும் வைக்கக் கூடாது. நாளை விடியும்முன் வந்து முட்டைகள்மேல் உட்கார்ந்து வாழ்த்த வேண்டும். படித்தவர் சூடு பட்டால் குஞ்சுகள் புத்திசாலியாகப் பிறக்குமாம்."

இப்படி ஒரு வழக்கத்தை எந்தக் கௌதாரியும் கேள்விப்பட்டதில்லை. முந்தின ராத்திரி பேச்சியம்மா படுத்துக்கொண்டே யோசித்தது அது. மைனாவோ, படித்தவர் சூடு என்றதும் மார்பை இரண்டு சுற்று உப்பிக்கொண்டது.

மறுநாள் விடியும்முன் வாத்தியார் சொன்னபடியே பட்டினியோடு வந்தார். கௌதாரி முட்டை ஐந்து, மைனாவின் வயிறோ ஒரு சாண்கூட இல்லை. மூன்றை மூடினால் இரண்டு வெளியே எட்டிப் பார்க்கும். அதை மூடினால் இது எட்டிப் பார்க்கும். எதிரே, புதருக்கு வெளியே, பூவரச இலையால் மூடிய ஈசல் கமகமவென்று மணந்தது. பக்கத்தில் பொட்டு வயிறு நிறையத் தின்றுகொண்டிருந்தது. அவர் கொஞ்சம் எழுந்தால் போதும், சூடு ஆறிவிடும் ஐயா என்று பேச்சியம்மா பதறுவாள். அவரும் மானத்துக்குப் பயந்து மறுபடி உட்கார்ந்துவிடுவார்.

வெயில் ஏறியபின் தலைவர் தோகையப்பன் மயில் வந்தார். பட்டினி வழக்கம் வாத்தியாருக்குத்தானே என்று அவர் வரும் வழியிலேயே மூக்குமுட்டத் தின்றிருந்தார். எல்லாரும் புதருக்கு வெளியே வந்தார்கள். இலையைத் திறக்கும்முன் வாத்தியார் ஒருமுறை பாடம் சொல்லிவிட வேண்டும், அதுதான் கடைசி வழக்கம் என்றாள் பேச்சியம்மா.

"க்ரீச் என்றால்..." என்று ஆரம்பித்தார் வாத்தியார். "க்ரீச் என்றால் ஈசல். இல்லை, பாம்பு. பாம்பு வந்தால் இலையைத் திறந்து..." கண் செருகியது. தலை தொங்கியது. நின்ற நிலையிலேயே குறட்டை வந்துவிட்டது.

"தலைவரையா, நம் வாத்தியார் மக்காகிவிட்டாரே, பெயரை அடித்துவிடலாமா?" என்று பேச்சியம்மா அப்பாவிபோலக் கேட்டாள்.

மயிலுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அது அகவிய அகவலில் கல்லாங்குத்தே அதிர்ந்தது. அந்தச் சத்தம் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த காட்டுப்பூனைக்கும் கேட்டது.

பாறை மறைவில் இரண்டு காதுகள் தெரிந்தன. திடுக்கிட்டு விழித்த வாத்தியார் அரைத் தூக்கத்தில் 'க்ரீச்' என்று கத்தினார். மயில் தொப்பென்று தரையில் படுத்துவிட்டது. பூனைக்கு வேறென்ன வேண்டும்? உதட்டை நக்கிக்கொண்டு பதுங்கியது.

"ட்ர்ர்ர்! எழுந்து ஓடுங்கள்!" என்று பொட்டு தொண்டை கிழியக் கூவியது. மயிலும் மைனாவும் கௌதாரிகளும் விழுந்தடித்துப் புதருக்குள் பாய்ந்தார்கள். தலைவரின் தோகையில் நான்கு இறகுகள் பூனையின் நகத்தோடு போயின. பூனை உள்ளே மூக்கை நுழைத்துப் பார்த்தது. காரைமுள் குத்தியதும் முனகிக்கொண்டு போய்விட்டது.

வாத்தியாருக்கு மூச்சு வந்ததும் பொட்டுவைத் தட்டிக்கொடுத்தார். கெட்டிக்காரி, உன் பெயரை யாரும் அடிக்க முடியாது என்றார்.

பேச்சியம்மா சிரிக்கவில்லை. இவ்வளவு நேரம் இருந்த குறும்பு அவள் முகத்தில் இல்லை.

"வந்தது பூனை, ஐயா. பூனைப் பாடம் நடந்த அன்று என் மகளுக்கு நாலு விதை கிடைத்தது, விழித்திருந்தாள். வல்லூறு பாடத்தன்று காலையிலிருந்து முட்டைமேல் உட்கார்ந்துவிட்டுப் பட்டினியாக வந்தாள், தூங்கிவிட்டாள். இப்போது வல்லூறு வந்திருந்தால் என் பிள்ளை என்ன செய்திருக்கும்?"

வாத்தியாருக்கு ஒரு நாள் பட்டினியே தாங்கவில்லை. மெல்ல வெளியே போய், இலையோடு ஈசலை இழுத்து வந்து பொட்டுவின் முன்னால் வைத்தார். பிறகுதான் தான் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

அடுத்த நாளிலிருந்து தலைவர் சொற்படி, இரை நிறையக் கிடைக்கும் வயல் பக்கத்துக் குஞ்சுகள் பள்ளிக்கு வரும்போது ஆளுக்கு ஒரு வாய் இரை கொண்டுவந்தன. பேச்சியம்மா இரைக்குப் போகும்போது பெண்மயில்கள் முறைவைத்து முட்டைகளைக் காத்தன. குஞ்சுகள் எல்லாம் தின்று முடித்தபின், வாத்தியார் வல்லூறு பாடத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று குறை சொல்லும்முன், அதன் வயிற்றில் என்ன இருக்கிறது, வீட்டில் அதன் தலையில் என்ன பாரம் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.