யானைக்கு யாரு தீனி போடுறது?

ஓசி டீன்னா மட்டும் ஓடி வர்றீங்களேடா, காதையும் கொஞ்சம் கொடுங்க.

கொடிமலையில அந்தப் பழைய நீராவி ரயில் ஞாயித்துக்கிழமை மட்டும்தான் ஓடும். இன்ஜின் வாடகைக்கு எடுத்தது. அதோட ஓனர் ராஜரத்தினம் ஒருநாள் பிளாட்பாரத்துல எல்லார் முன்னாடியும், "இனி வாரம் ஏழு நாளுக்கும் வாடகை வை. இல்லேன்னா இன்ஜினை எடுத்துட்டுப் போயிடுவேன்"னாரு. இன்ஜின் போனா ரயிலே கிடையாது. ரயிலை நடத்துற மேனேஜர் பதறிப்போய்க் கேட்டாரு:

"சும்மா நிக்கிற நாளுக்குமா சார்?"

"திருவிழாவுக்கு நான் விடுற யானை மாதிரிதான்யா இதுவும். நடந்தாலும் வாடகை, நின்னாலும் வாடகை!"

இன்ஜின் சாம்பல் அள்ளுற செவந்தியம்மா கூடையை இறக்கி வச்சுது. "நியாயம்தாங்கய்யா. போன வருஷம் உங்க யானை எங்க ஊர்ல பத்து நாள் நின்னுச்சே, தீனி யாரு போட்டா?"

"நான்தான். யானைக்காரன்தானே தீனி போடணும்? அதானே வழக்கம்!"

"அப்ப இன்ஜினுக்கும் நிலக்கரி லாரியை அனுப்பிடுங்க. ஒரு ஞாயித்துக்கிழமைக்கே மூணு டன் திங்குது."

பிளாட்பாரமே சிரிச்சுது. ராஜரத்தினம் தொண்டையைக் கனைச்சு, "ஓடுற நாளுக்கு மட்டும் கொடுங்கப்பா, போதும்"னு சொல்லிட்டு விறுவிறுன்னு கார்ல ஏறிட்டாரு.

கார்தான் கிளம்பல. டிரைவர் ஸ்டீயரிங்ல கவுந்து சிரிச்சுட்டிருந்தான். அந்த டிரைவர் நான்தான்டா. அன்னைக்கே வேலை போச்சு.