ரணதீரனுக்கு மாப்பிள்ளைப் பரீட்சை

செங்கரட்டுச் சீமை ராஜா கட்டாரி வல்லபருக்குப் பெண்டாட்டி பிள்ளைகளைவிட ஒரு நாயின்மேல்தான் உயிர். பேர் ரணதீரன். பால்போல வெள்ளை, ரோஜா நிற மூக்கு. கோட்டையில் பீரங்கி வெடித்தால் குதிரைகள் கட்டறுத்துக்கொண்டு ஓடும். ரணதீரன் கொட்டாவி விடும். "அடடா, என்ன வீரம்!" என்று சபையே கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

அந்த வீரனின் குட்டிகளைத்தான் களஞ்சியத்துக்குக் காவல் வைத்தார்கள். திருடர்கள் பூட்டை உடைத்தார்கள், மூட்டையை உருட்டினார்கள், வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். குட்டிகள் குறட்டையை நிறுத்தவே இல்லை.

"தாய் சரியில்லை மகாராஜா" என்றார் தளவாய் மயிலேறும்பெருமாள். தாயைத் துரத்தினார்கள். அடுத்த தாயின் குட்டிகளுக்கும் அதே தூக்கம். அதையும் துரத்தினார்கள். மூன்றாவதாக மல்லிகை என்ற பெண் நாய் வந்தபோது, ராஜா அரண்மனை விகடர் அனவரதம் பிள்ளையைக் கூப்பிட்டார்.

"ஓய் பிள்ளை, இந்த ஜோடியைச் சேர்ப்பதற்கு முன்னால் சோதித்துப் பாரும். குறை எங்கே என்று நாளைக்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஆனால் என் ரணதீரனைக் குறை சொல்கிற நாக்கு, யாருடையதானாலும் சரி, அறுபடும்!"

குறை யாரிடம் என்று பிள்ளைக்கு எப்போதோ தெரியும். சொன்னால் நாக்கு போகும், சொல்லாவிட்டால் வேலை போகும். நாக்கை வைத்துப் பிழைக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். தளவாய் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

மறுநாள் பிள்ளை வெற்றிலைத் தாம்பாளத்தோடு சபைக்கு வந்தார். கூடவே மல்லிகை, கழுத்தில் பூச்சரம்.

"இது என்ன வேஷம் ஓய்?"

"நாங்க பெண் வீட்டார், மகாராஜா. எங்க பொண்ணோட பல்லு, காலு, குலம், கோத்திரம் எல்லாம் பார்த்தாச்சு. மாப்பிள்ளையை நாங்க பார்க்க வேண்டாமா?"

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தாராளமாகப் பாரும்!"

பிள்ளை ரணதீரனின் பல்லைப் பார்த்தார். இமையை விலக்கிக் கண்ணைப் பார்த்தார். நடக்கவிட்டு இடுப்பைப் பார்த்தார். "ஆகா, ராஜ நடை! கடைசியா ஒண்ணே ஒண்ணு. பையன் பெரியவங்க சொல் கேட்பானா? நீங்கதான் தகப்பன் ஸ்தானம். உங்க முகத்தைப் பார்த்தா யாருதான் பணிய மாட்டாங்க? அதனால திரைக்குப் பின்னால நின்னு ஒரு குரல் கொடுங்க."

"இதென்ன பிரமாதம்!" ராஜா திரைக்குப் பின்னால் போனார். "ரணதீரா!"

ரணதீரன் ஓர் ஈயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அடேய், ரணதீரா!" கூரையில் இருந்த புறாக்கள் பறந்தன. மல்லிகை திரையைக் கிழித்துக்கொண்டு ஓடி ராஜாவின் காலை நக்கியது. ரணதீரன் சுருண்டு படுத்துக்கொண்டது.

கிழிசல் வழியாக எட்டிப் பார்த்த ராஜா அலறினார். "அட ராமா! இந்த நாய்க்குக் காதே கேட்காதா?"

சொன்ன பிறகுதான் ராஜாவுக்குத் தன் ஆணையே ஞாபகம் வந்தது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"தளவாய்... நான் இப்போது சொன்னது உம் காதில் விழுந்ததா?"

"இல்லவே இல்லை மகாராஜா! எனக்குக் கொஞ்ச நாளாகக் காது மந்தம்."

"எங்களுக்கும் ஒன்றும் விழவில்லை!" என்று சபை முழுக்கத் தலையாட்டியது.

ராஜா போய் ரணதீரனின் தலையைத் தடவினார். பாவம், அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இவன் வழியில் இனிக் குட்டி வேண்டாம். ஆனால் இவனை நான் எங்கே வைத்துக்கொள்வேன், பிள்ளை?"

"இந்தச் சபையிலேயே ஒரு ஆசனம் போட்டுடுங்க மகாராஜா. இங்கே நிஜமாவே காது கேட்காதது அவன் ஒருத்தனுக்குத்தான்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் கழுத்து முத்துமாலை பிள்ளையின் கழுத்துக்குப் போனது.