வில்வண்டிக்கு விழுந்த தண்டம்

செம்பியூர் அரசர் முத்துவீரப்பருக்கு ஒரு வசந்த மண்டபம் கட்ட ஆசை வந்தது. ஆசை வந்த நேரத்தில் கஜானா காலி. வரியை ஏற்றினால் ஊர் கொதிக்கும். அரசர் தாடியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மந்திரி தண்டபாணி ஒரு யோசனை சொன்னார்.

"ராஜவீதியில் வண்டிகள் தாறுமாறாகப் போகின்றன, பிரபு. வீதி நியாயசபை ஒன்று வைப்போம். தப்பாக ஓட்டினால் தண்டம். பத்தில் ஒன்பது பங்கு கஜானாவுக்கு. ஒரு பங்கு தீர்ப்புச் சொல்கிறவருக்கு."

"தீர்ப்புச் சொல்கிறவர் யார்?"

"அடியேன்தான்" என்றார் தண்டபாணி, வெட்கப்பட்டபடி.

அன்றிலிருந்து ராஜவீதியில் வண்டி ஓட்டிய எவனும் மடி நிறைய வீடு திரும்பவில்லை. வேகமாகப் போனால் தண்டம். மெதுவாகப் போனால் வழிமறித்ததாகத் தண்டம். மாட்டுக்கு மணி கட்டினால் இரைச்சல். கட்டாவிட்டால் எச்சரிக்கை இல்லை. மண்டபம் மளமளவென்று எழும்பியது.

அந்த அரசவையில் அம்பலத்தாடி என்றொரு புலவர். அரசருக்குக் கவி சொல்வது ஒரு வேலை. அவர் முகம் கோணாமல் உண்மையைச் சொல்வது இன்னொரு வேலை. ஒருநாள் காலையில், சட்டி பானை விற்கும் பூவாயி அவர் வாசலில் வந்து நின்றாள்.

"நடுவீதியில கடையாணி கழண்டு போச்சு சாமி. சக்கரம் பாட்டுக்கு உருண்டு ஓடுது, நான் பின்னால ஓடுறேன். வண்டியை நிறுத்துனது குத்தம்னு தண்டம் போட்டாங்க. சக்கரம் இல்லாம எப்படி ஓட்டுறதுன்னு கேட்டேன். எதிர்த்துப் பேசுனதுக்கு இன்னொரு தண்டம்."

"கட்டினாயா?"

"காதுல கெடந்த தண்டட்டியைக் கழட்டித்தான் தண்டம் கட்டினேன். அதுவும் பத்தலைன்னு மாட்டைப் புடிச்சு வச்சிருக்காங்க. மாடு இல்லாம நான் என்னத்த இழுத்து, என்னத்த விக்க?"

சிரிக்க வைப்பது அம்பலத்தாடியின் பிழைப்பு. வெறுமனே தொங்கிய அந்தக் காதுகளைப் பார்த்ததும் அவர் முகத்திலேயே சிரிப்பு இல்லை. நேராக அரசவைக்குப் போய் அவள் கதையைச் சொன்னார்.

"பிரபு, அந்தச் சபையில் ஒருவராவது குற்றமற்றவர் என்று விடுதலையானதுண்டா?"

"குற்றமற்றவரைக் காவலர்கள் ஏன் பிடிக்கப் போகிறார்கள்?" என்று குறுக்கே விழுந்தார் தண்டபாணி.

அரசருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. மண்டபத்துக்கு இன்னும் கூரை போட வேண்டியிருந்ததே! "அம்பலத்தாடி, நாளை பொழுது சாய்வதற்குள் அங்கே விடுதலையான ஒரே ஒருவரைக் காட்டும். காட்டினால் சபையை மாற்றுகிறேன். இல்லாவிட்டால் இதைப் பற்றி இனி நீர் வாய் திறக்கக் கூடாது."

"சரி பிரபு. நாளைக்குத் தாங்கள் மட்டும் முண்டாசு கட்டிக்கொண்டு சபைக் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார வேண்டும்" என்று அரசரின் காதில் மட்டும் சொன்னார் அம்பலத்தாடி.

வெளியே வந்ததும் தண்டபாணியைப் பிடித்துக்கொண்டார். "மந்திரியாரே, வண்டி ஓட்டுகிறவன் கையில் காசே இல்லையென்றால்?"

"அதற்கும் விதி இருக்கிறது. யார் ஓட்டினாலும் தண்டத்தை வண்டிக்குச் சொந்தக்காரர்தான் கட்ட வேண்டும். நானே எழுதியது."

"அடடா, என்ன மூளை! இந்த மூளை ஏறிப் போகிற வில்வண்டியில் நானும் ஒரு தடவை ஏற வேண்டும். நாளைக் காலையில் கோயிலுக்குப் போய்வரத் தருவீர்களா?"

தண்டபாணி குளிர்ந்துபோனார். "தாராளமாக!"

மறுநாள் ராஜவீதியில் அந்த வில்வண்டி பறந்தது. இடப்பக்கம் போனது, வலப்பக்கம் வந்தது, கடைசியில் ஒரு வைக்கோல் போரில் முட்டி நின்றது. காவலர்கள் அம்பலத்தாடியைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். புலவரே வந்து மாட்டிக்கொண்ட குஷியில் தண்டபாணிக்கு வேறு எதுவும் நினைவில்லை; வாயெல்லாம் பல்.

"வேகமாக ஓட்டினீரா?"

"ஓட்டினேன். மாடு மிரண்டுவிட்டது."

"எல்லார் மாடும்தான் மிரளும்! நூறு பொன் தண்டம். அரண்மனைக்காரர் என்பதால் இருநூறு!"

கணக்கர் எழுத்தாணியை எடுத்தார். "வண்டிக்குச் சொந்தக்காரர் பெயர்?"

"மந்திரி தண்டபாணி" என்றார் அம்பலத்தாடி.

தண்டபாணியின் முகம் சுருங்கியது.

"இரும், இரும், எழுதாதீர்!" என்று கணக்கரைத் தடுத்தார். அம்பலத்தாடி பக்கம் திரும்பினார். குரலில் தேன் சொட்டியது. "மாடு மிரண்டது என்றீரே, பாவம், வாயில்லா ஜீவன். நாய் ஏதாவது குரைத்திருக்கும்."

"நாய் எதுவும் இல்லை, ஐயா."

"நீர் கவனித்திருக்க மாட்டீர்! அந்த வைக்கோல் போர் ஏன் வீதியில் நீட்டிக்கொண்டு நின்றது?"

"அது ஓரமாகத்தான் நின்றது. குற்றம் என்னுடையதுதான். நானே ஒப்புக்கொள்கிறேன்."

"சும்மா இரும்! நீர் செய்தது குற்றமா இல்லையா என்று உமக்கு என்ன தெரியும்? தீர விசாரித்ததில் குற்றம் நிரூபணமாகவில்லை. விடுதலை!"

பின்வரிசையில் ஒரு முண்டாசுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்த சிரிப்பில் முண்டாசு அவிழ்ந்தது. சபை முழுதும் எழுந்து நின்றது.

"விடுதலையான ஒருவரைக் கேட்டீர்களே பிரபு, இதோ நான்!" என்றார் அம்பலத்தாடி.

"இதுவரை யார் சொன்ன சமாதானமும் கேட்காத சபைக்கு இன்று மட்டும் காது எப்படிக் கேட்டது?" என்றார் அரசர்.

"காது நன்றாகத்தான் கேட்கிறது, பிரபு. பத்தில் ஒரு பங்குதான் அதை அடைத்துக்கொண்டிருந்தது."

தண்டபாணி தலை நிமிரவில்லை. அரசர் அங்கேயே ஆணையிட்டார். இனித் தீர்ப்புச் சொல்கிறவருக்குத் தண்டத்தில் பங்கு கிடையாது. பூவாயியின் மாடும் நகையும் இன்றே அவள் வீடு போய்ச் சேர வேண்டும்.

"இப்போது அடைப்பு நீங்கியதா, அம்பலத்தாடி?"

அம்பலத்தாடி தலையைச் சொறிந்தார். "ஒரு பங்கே ஒரு மந்திரியின் காதை இப்படி அடைத்ததென்றால், மீதி ஒன்பது பங்கு யார் காதில் இருக்கிறது என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை, பிரபு."

அரசரின் கை தானாகத் தன் காதுக்குப் போனது. பிறகு, தண்டப் பணம் முழுவதும் இனி வீதியைச் செப்பனிடத்தான் என்றும், மண்டபம் கூரையில்லாமலே நிற்கட்டும் என்றும் சொல்லிவிட்டு, காதிலிருந்த வைரக் கடுக்கனைக் கழற்றி அம்பலத்தாடியின் கையில் வைத்தார்.

"இந்தாரும். இதுவும் கொஞ்சம் அடைத்துக்கொண்டுதான் இருந்தது."