ஆள்காட்டி வீட்டு அலங்காரம்

ஏரிக்கரைச் சரளை மேட்டில் மஞ்சக்காலி என்ற ஆள்காட்டிப் பறவை நான்கு முட்டை இட்டிருந்தாள். அவள் புருஷன் பெயர் வீரணன்.

அவர்கள் வீட்டைப் பார்த்தால் உங்களுக்குத் தூக்கிவாரிப் போடும். கூரை கிடையாது, சுவர் கிடையாது, ஒரு குச்சி கூடக் கிடையாது! வெறும் தரையில் ஒரு சின்னக் குழி. சுற்றிலும் பழுப்புக் கூழாங்கற்கள், அதில் கறுப்புத் திட்டுகள். முட்டையும் அதே பழுப்பு, அதே கறுப்புத் திட்டு. எது கல், எது முட்டை என்று யாருக்கும் சட்டென்று தெரியாது.

அந்த ஏரிக்கரையில் ஒரு வழக்கம் உண்டு. முட்டையிட்ட ஏழாம் நாள், அக்கம்பக்கத்துப் பறவைகள் எல்லாம் வீடு தேடி வந்து முட்டை பார்த்துவிட்டுப் போவார்கள். போன வாரம் தூக்கணாங்குருவி வீட்டில் முட்டை பார்த்தார்கள். அவள் பின்னி வைத்திருந்த கூட்டைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தது. அடுத்தது மஞ்சக்காலி வீடு. இன்னும் நாலே நாள்தான் பாக்கி. வெறும் குழியை எப்படிக் காட்டுவது என்று அவளுக்கு ஒரே கவலை.

அன்று காலை கொண்டலாத்தி அந்தப் பக்கம் நடந்து வந்தாள். தலையில் விசிறிக் கொண்டை, செம்பழுப்பு உடம்பு, சிறகில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைக் கோடுகள். எந்த நிறத்தோடு எந்த நிறம் சேரும், எந்தக் கோட்டுக்கு எந்தப் புள்ளி பொருந்தும் என்று கேட்க வேண்டுமானால் அந்தக் கரையில் எல்லாரும் அவளிடம்தான் போவார்கள். அவள் பாட்டுக்கு நடந்து வந்தவள், ஒரு காலைத் தூக்கி முட்டைமேலேயே வைக்கப் போனாள்!

"ஐயையோ அக்கா! காலை எடு! முட்டை, முட்டை!" என்று அலறினாள் மஞ்சக்காலி.

கொண்டலாத்தி துள்ளிக் குதித்தாள். "முட்டையா? எங்கேடி?"

"உன் காலடியிலேதான்!"

"அப்போ வீடு?"

"இதுதான் அக்கா வீடு."

கொண்டலாத்தியின் கொண்டை படாரென்று விரிந்தது. "இதா? அடிப் பாவி! தரையும் பழுப்பு, முட்டையும் பழுப்பு! அதிலேயும் திட்டு, இதிலேயும் திட்டு! இப்படி வச்சா பாக்கிறவங்க கண்ணு எதிலே நிக்கும்? ஏழாம் நாள் ஊரே வரப்போகுது. முட்டையை மிதிச்சுக்கிட்டே நின்னு, 'முட்டை எங்கேம்மா'ன்னு கேக்கப் போறாங்க!"

மஞ்சக்காலிக்கு மானம் போனது. "நீயே ஒரு வழி சொல்லு அக்கா."

"கேட்டுக்கோ. பெரிய கோடு ஒண்ணு, சின்னப் புள்ளி ஒண்ணு. ரெண்டும் சண்டை போட்டுக்காம இருக்க நடுவிலே ஒரு வெத்து நிறம். மூணு நிறத்துக்கு மேலே போகவே கூடாது. ஒண்ணு நிறைய இருக்கணும், ஒண்ணு கொஞ்சம், இன்னொண்ணு கிள்ளிப் போட்ட மாதிரி. இதுதான் சூட்சுமம்!"

"என் வீட்டுக்கு எதை வைக்கணும்?"

"முட்டைக்கு அடியிலே வெள்ளை நத்தை ஓடு பரப்பு. அப்பத்தான் முட்டையிலே இருக்கிற திட்டு எடுப்பாத் தெரியும். சுத்தி ஓரத்திலே கறுப்பு வெள்ளை மீன்கொத்தியோட இறகு, கோடு போட்டது. அதுக்கு மேலே நாலே நாலு குன்றிமணி. சிவப்பிலே கறுப்புப் பொட்டு. உன் முட்டைக்கு அப்படியே ஒத்துப்போகும் பாரு!"

அன்றே ஆரம்பித்துவிட்டாள் மஞ்சக்காலி. சேற்றில் கிடந்த ஓடுகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வந்தாள். நீரில் அலசி வெள்ளை வெளேரென்று ஆக்கினாள். இரை தேடப் போயிருந்த வீரணன் திரும்பி வந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"என்னடி இது? திருவிழாக் கடை விரிச்சிருக்கே!"

"அலங்காரம்ங்க. கொண்டலாத்தி அக்கா சொன்னாங்க."

"உனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா? நம்ம வீடு யார் கண்ணுக்கும் தெரியக் கூடாது. தெரியாம இருக்கிறதாலேதான் கூரை இல்லாமலே நம்ம குலம் தழைச்சிருக்கு!"

"உங்களுக்கு நிறத்தைப் பத்தி என்னங்க தெரியும்? உங்க மூஞ்சியிலே இருக்கிற சிவப்புக்கும் காலிலே இருக்கிற மஞ்சளுக்குமே பொருத்தம் இல்லை!"

"உனக்கும் அதேதானேடி?"

"அதனாலேதான் வீடாவது நல்லா இருக்கட்டும்னு பாக்கிறேன்!" என்றாள் மஞ்சக்காலி. "தூக்கணாங்குருவி வீட்டிலே எல்லாரும் ஆகா ஓகோன்னாங்க. எனக்கு மட்டும் அந்த ஆசை இருக்கக் கூடாதா?"

வீரணனுக்கு மனசு கேட்கவில்லை. "சரி, ஏழாம் நாள் மட்டும். வந்தவங்க போனதும் எல்லாத்தையும் எடுத்துடணும்" என்றான். அவனும் கோட்டை விட்டான், பாருங்கள்!

ஏழாம் நாள் வந்தது. பொய் சொல்லக் கூடாது, வீடு அழகாகத்தான் இருந்தது. வெள்ளை ஓட்டு விரிப்பின் நடுவே நான்கு முட்டைகளும் பளிச்சென்று தெரிந்தன. சுற்றிலும் கோட்டு இறகுகள், மேலே சிவப்புப் பொட்டாகக் குன்றிமணிகள்.

"அம்மாடி! இது நம்ம மஞ்சக்காலி வீடா?" என்று காடை அதிசயப்பட்டாள்.

"தூக்கணாங்குருவி எல்லாம் இதுக்கு முன்னாலே எந்த மூலைக்கு!" என்றாள் மைனா.

கொண்டலாத்தியும் வந்தாள். எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டு, "எங்க வீட்டுக்கும் வந்து சொல்லு அக்கா" என்று கெஞ்சினார்கள். மஞ்சக்காலிக்குப் பெருமை தாங்கவில்லை.

உச்சி வெயில் ஏறியது. விருந்தாளிகள் கலைந்தார்கள். "எடுத்துடலாமா?" என்றான் வீரணன்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுங்க. நானே கண் நிறையப் பாக்கலையே!"

அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் ஐயோ, அந்த அநியாயம் நடந்தது.

ஏரிக்கு அந்தப் பக்கமிருந்து மூன்று அண்டங்காக்கைகள் நேராக வந்தன. வட்டமிடவில்லை, தேடவில்லை. கோடு போட்ட மாதிரி நேராக வந்தன!

ஆள்காட்டிகளுக்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. பகைவன் வந்தால் முட்டையை விட்டுத் தள்ளி ஓடி, வேறு ஓரிடத்தில் நின்று உயிர் போகிற மாதிரி கத்துவார்கள். பகைவன் அங்கேதான் முட்டை இருக்கிறது என்று நம்பி அங்கே போவான். நரி ஏமாந்திருக்கிறது, கீரி ஏமாந்திருக்கிறது. இரண்டு பேரும் அதையே செய்தார்கள். நாணல் புதர் வரை ஓடி, தொண்டை கிழியக் கத்தினார்கள்.

மூத்த காக்கை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் நத்தை ஓட்டு விரிப்பில் வந்து இறங்கினான்.

"எதுக்கு அங்கே நின்னு கத்தறீங்க? வீடு இங்கேதானே இருக்கு!" என்று சிரித்தான். "மூணு வருஷமா இந்தச் சரளையிலே நடந்து நடந்து என் கால் தேஞ்சு போச்சு. ஒரு முட்டை கண்ணிலே பட்டதில்லை. இன்னிக்கு அக்கரையிலிருந்தே தெரியுது! ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு! அடியிலே வெள்ளை விரிச்ச புண்ணியவதி யாரும்மா?"

மஞ்சக்காலிக்குத் தலையில் இடி விழுந்தது. இருவரும் திரும்பிப் பாய்ந்தார்கள், கொத்தினார்கள், சிறகால் அடித்தார்கள். காக்கைகள் மூன்று, அவர்கள் இருவர். கண் மூடித் திறப்பதற்குள் மூன்று முட்டைகள் போய்விட்டன.

அந்தக் கைகலப்பில் நாலாவது முட்டை விரிப்பிலிருந்து உருண்டு சரளைக்குள் போய் நின்றது. மூத்த காக்கை அதைத் தேடிக்கொண்டு மறுபடி வந்தான். அதன் பக்கத்திலேயே நின்றான். இப்படிப் பார்த்தான், அப்படிப் பார்த்தான். "நாலு இருந்துச்சே!" என்று முணுமுணுத்தான். ஆத்திரத்தில் ஒரு குன்றிமணியைக் கொத்திப் பார்த்துத் துப்பிவிட்டுப் பறந்து போனான்.

மஞ்சக்காலிக்கு அழுகைகூட வரவில்லை. பிறகு திடீரென்று எழும்பிப் பறந்தாள்.

"எங்கேடி போறே?" என்று கத்தினான் வீரணன்.

"கொண்டலாத்தி வீட்டுக்கு! அவள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கணும்!"

கொண்டலாத்தி பழைய மதகுச் சுவரின் பொந்தில் குடியிருந்தாள். அங்கே அதுவரை ஒருவரும் போனதில்லை. அவளும் வருஷா வருஷம் முட்டையிட்டவள்தான். ஆனால் ஏழாம் நாள் வந்தால், "உடம்பு சரியில்லை, யாரும் வராதீங்க" என்று சொல்லிவிடுவாள். அத்தனை பேரில் ஒருத்தருக்காவது சந்தேகம் வந்ததா? இல்லையே!

மஞ்சக்காலி பொந்துக்குள் தலையை நீட்டினாள். குப்பென்று ஒரு நாற்றம்! அவள் பின்னால் சாய்ந்தாள். மறுபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரே எச்சமும் அழுக்கும் புழுத் துணுக்குமாகக் கிடந்தது. ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை. நடுவே ஐந்து குஞ்சுகள் கொழுகொழுவென்று தூங்கிக்கொண்டிருந்தன. நாற்றம் அவற்றின் உடம்பிலிருந்தும் வந்தது.

"அக்கா! நீயா? இதுவா உன் வீடு?"

"மெதுவாப் பேசு. குஞ்சு தூங்குது" என்றாள் கொண்டலாத்தி. அவள் முகத்தில் வெட்கமே இல்லை.

"ஊருக்கெல்லாம் நிறம் சொல்றே! உன் வீட்டிலே இப்படி நாறுதே!"

"நாறட்டும். இந்த நாத்தத்துக்குத்தான் பாம்பு வாசலோட திரும்பிப் போகுது. பூனை மூக்கைச் சுளிச்சுக்கிட்டு ஓடுது. என் வீட்டுக்கு அலங்காரமா? யாராவது வந்து என் புள்ளைங்களைத் தூக்கிட்டுப் போறதுக்கா?"

"இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டா எனக்கு அப்படிச் சொன்னே? என் முட்டை மூணு போச்சுடி, பாவி!"

கொண்டலாத்தியின் கொண்டை மெல்ல மடங்கியது. பிறகு சொன்னாள்: "நீ கேட்டது அழகுக்கு வழி. அதைச் சொன்னேன். முட்டை பிழைக்குமான்னு நீ என்கிட்டே கேக்கவே இல்லையேடி!"

அவளைத் திட்ட வந்த மஞ்சக்காலி, மேற்கொண்டு திட்டாமல் திரும்பினாள். வழியெல்லாம் அந்தக் கேள்விதான் அவள் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஏன் கேட்கவில்லை? பெற்றவள் நான், ஏன் கேட்கவில்லை?

சரளை மேட்டில் வீரணன் மிஞ்சிய ஒரே முட்டையை அணைத்து உட்கார்ந்திருந்தான். மஞ்சக்காலி நத்தை ஓடுகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய் ஏரியில் போட்டாள். இறகுகளைக் காற்றில் விட்டாள். பிறகு அவனை எழுப்பிவிட்டு, அந்த ஒரு முட்டையின் மேல் தானே உட்கார்ந்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

எந்த நிறத்தோடு எந்த நிறம் சேரும் என்று ஊரைக் கேட்பதற்கு முன்னால், அந்த வீட்டில் வாழும் உயிருக்கு அது ஆகுமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.