தொம்மையின் வலக்கை

ஒரு வீட்டு வழக்கைச் சொல்கிறேன், தீர்ப்பு உங்களுடையது.

தூத்துக்குடியில் தொம்மை என்பவருக்கு மூளையின் இடப்பக்கம் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. வலக்கையை ஆட்டுவது அந்தப் பக்கம்தான். கை விழுந்தது, பேச்சும் போயிற்று. மிஞ்சியது "சரி" என்ற ஒரே சொல். கஞ்சி வேணுமா என்றாலும் சரி, வேண்டாமா என்றாலும் சரி. இடக்கையால் சோற்றைத் தொடமாட்டார். மனைவி பிலோமினா ஊட்டினால் அழுதுகொண்டே விழுங்குவார். அவர் தன் கையால் ஒரு கவளமாவது அள்ள வேண்டும். அவள் ஜெபமெல்லாம் அதுதான்.

டாக்டர் கோமதி காந்தச் சிகிச்சை தொடங்கினார். தலையில் ஒரு வளையத்தை வைத்து, காந்தத் துடிப்பை மூளைக்கு அனுப்புவது. வைத்ததோ அடிபடாத வலப்பக்கத்தில்! பிலோமினா பயந்து கேட்டாள். டாக்டர் விளக்கினார்.

"மூளைக்குள்ள எல்லாம் வலை மாதிரி பின்னிக் கிடக்கும்மா. ரெண்டு பக்கமும் ஒன்னையொன்னு அடக்கிக்கிட்டே இருக்கும். இப்ப அடிபட்டது சோர்ந்துபோக, நல்லது அதை ரொம்ப அமுக்குது. நல்லதைக் கொஞ்சம் அமத்தினா இது தலைதூக்கலாம். உறுதி சொல்லமாட்டேன். ஆனா நாள் போனா வாய்ப்பும் போயிரும்."

சில நாளில் தொம்மையின் பெருவிரல் அசைந்து ஒரு பருக்கையைத் தள்ளியது.

அந்நேரம் மகன் ஜெனிஸ்டன் துபாயிலிருந்து வந்தான். ஸ்கேனைப் பார்த்தான், வளையத்தைப் பார்த்தான். "அடி இடது பக்கம், மெஷின் வலது பக்கமா? கூறுகெட்ட ஆஸ்பத்திரி!"

டாக்டருக்கு முகம் சிவந்தது. "நம்பிக்கை இல்லேன்னா தாராளமாக் கூட்டிட்டுப் போங்க."

"மக்கா, டாக்டரம்மா எங்கிட்ட சொன்னாவ..." என்று தொடங்கினாள் பிலோமினா.

"நீ சும்மா இரும்மா. மெழுகுதிரி ஏத்துறதோட நிறுத்திக்க."

பல வருஷம் கழித்து வந்த பிள்ளை கோபித்துக்கொண்டு போய்விடுவானோ என்று அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போவோமாப்பா?"

"சரி" என்றார் தொம்மை. அவர் இடக்கை மட்டும் பிலோமினாவின் சேலைத் தலைப்பை இறுகப் பற்றியிருந்தது.

"பாத்தியா, அப்பாவே சொல்லியாச்சு!"

அவள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். மகன் அவரை வீட்டுக்குக் கூட்டிப்போனான், விடுப்பு முடிந்து பறந்தான். வலக்கை பிறகு அசையவே இல்லை.

சொல்லுங்கள்: கேட்டறியாமல் கூட்டிப்போன மகனா, ரோஷத்தில் விளக்காமல் விட்ட டாக்டரா, வாய் திறவாத பிலோமினாவா? அந்தக் கையைக் கெடுத்தது யார்?

விடை: பிலோமினாதான். பிள்ளை பெற்றவர்களுக்கு இது கசக்கும். மகன் அறியாதவன். டாக்டருக்குத் தொம்மை பல நோயாளிகளில் ஒருவர். வளையம் ஏன் அங்கே இருந்தது, தலைப்பைப் பற்றிய கை என்ன சொன்னது, இரண்டும் தெரிந்தவள் அவள் ஒருத்தியே. மகன் முகம் கோணாதிருக்கக் கணவனின் கையைக் கொடுத்தாள். ஆண்டவர் அவளை மன்னிக்கட்டும். மூன்று வேளையும் அவள் கவளத்தை நீட்டுகிறாள். தொம்மையும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறக்கிறார்.