ஏட்டுக்குள்ள அடக்கின சிரிப்பு

கல்லு, காத்து, வெளிச்சம் எல்லாமே வாய்விட்டுப் பேசிக்கிட்டிருந்த காலம் அது. அப்போ ஒரு கண்ணாடிப் பாறை மேல, பாலேடு மாதிரி சன்னமா ஒரு ஏடு படிஞ்சிருந்துச்சு. பாலேடுன்னதும் எங்க நாத்தனார் ஞாபகம் வருது. ஏட்டைத் தின்னுட்டுப் பூனை மேல பழி போடுவா. அந்த வீட்டுல பூனையே கிடையாது! சரி, விடுங்க.

அந்த ஏட்டுக்குள்ள மினுக்கிங்கன்னு, கண்ணுக்கே தெரியாத குட்டிப் பொண்ணுங்க கோடிக்கணக்குல குடியிருந்தாளுங்க. சூரியன் தினமும் ஆளுக்கு ஒரு வாய் வெளிச்சம் ஊட்டுவாரு. வெக்கைன்னு ஒருத்தன், சும்மாவே இருக்க மாட்டான், உள்ள பூந்து எல்லாரையும் உலுக்கிக் கிச்சுகிச்சு மூட்டுவான். இவ ஒரு நேரம், அவ ஒரு நேரம் சிரிச்சு, வாயில இருந்த வெளிச்சத்தைத் துப்பிடுவாளுங்க. துளித்துளியாப் போனா யாரு கண்ணுக்குத் தெரியும்?

ஒரு நாள் சூரியன் கோவிச்சுக்கிட்டாரு. "ஊட்டி ஊட்டிக் கை ஓஞ்சுபோச்சு. ஒரு மினுக்காவது எனக்குத் தெரியுதா? இன்னைக்கும் தெரியலேன்னா, நாளையிலேருந்து பட்டினிதான்."

எல்லாரும் பதறிட்டாளுங்க. அதுல பொடிச்சின்னு ஒருத்தி, இருக்கிறதுலயே குட்டி. ஊட்டின வெளிச்சத்தைத் துப்பாம, கன்னம் உப்ப அடக்கி வச்சுக்கிட்டா.

"ஏண்டி, பல்லு வலியா?"ன்னா, பக்கத்துல தன் பங்கு வெளிச்சத்தை இன்னும் வாங்காம நின்ன நெட்டச்சிங்கிறவ.

வாயைத் திறந்தா போச்சே! பொடிச்சி அவ கையை இறுக்கிப் பிடிச்சு, கண்ணால மேல காட்டினா. எல்லாரும் அடக்கி வச்சு ஒண்ணா விட்டாத்தான் சூரியன் கண்ணுக்குத் தெரியும்னு நெட்டச்சிக்குப் புரிஞ்சுபோச்சு. அவளும் வாங்கி அடக்கிக்கிட்டு, அடுத்தவ கையைப் பிடிச்சா. அப்படியே ஏடு முழுக்கக் கம்முனு ஆயிடுச்சு.

"என்னடி இது, துக்க வீடா?"ன்னு வெக்கை வந்து உலுக்கினான். கை கோத்திருந்ததால எல்லாரும் ஒண்ணாவே ஆடினாளுங்க, ஒருத்தியும் சிந்தல.

சூரியன், "இதுங்க தேறாது"ன்னு முகத்தைத் திருப்பப் போனாரு. அந்த நேரம் வெக்கை, பொடிச்சி இடுப்புல ஒரே ஒரு விரலை வச்சான்.

'க்ளுக்'!

ஒருத்தி சிரிச்சா மத்தவளால அடக்க முடியுமா? நெசமாவே ஒரு துக்க வீட்டுல எனக்கும் எங்க அக்காவுக்கும் இப்படி ஆகி, பாயைச் சுருட்டிக்கிட்டு ஓடினோம். அது வேற கதை. இங்க கை வழியா அந்தக் குலுங்கல் ஓடி, கோடிப் பேரும் ஒரே நேரத்துல கெக்கெக்கேன்னு சிரிக்க, பளீர்! சூரியனுக்கே கண்ணு கூசிடுச்சு.

"அடியேய், எனக்கேவா டார்ச் அடிக்கிறீங்க!"ன்னு சிரிச்சுக்கிட்டே, மறுவாய் ஊட்ட ஆரம்பிச்சாரு.

இப்போ ஆய்வுக்கூடத்துல சன்னமாப் பூசுறாங்களே செமிகண்டக்டர் ஏடு, அதுல சிலது மேல வெளிச்சம் பாய்ச்சினா, ஒரு துளி நேரம் கம்முனு கிடந்துட்டு, அப்புறம் மொத்தமாச் சேந்து பளீர்னு வெடிக்கிறது அன்னையிலேருந்துதான்.